முதுகில் கூடையோடு கடலுக்குப் போனோம்

என் அம்மா கடலைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாந்தி எடுத்த கதைதான். சின்னப் பிள்ளையில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் வந்தாளாம், வழியெல்லாம் வாந்தியாம். "கடல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டால், "அந்தப் பேச்சை எடுக்காத, இப்பவும் கொமட்டுது" என்பாள்.

நான் வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. கொழுந்து பறிக்க உச்சிக்கு ஏறும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு முடிவு தெரிகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பேன். "அங்க என்னா தெரியுது? கையை ஓட்டு" என்று கங்காணி சத்தம் போடுவார். கல்யாணம் ஆன பிறகு இது கூடிப்போனது. லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்தால் எழும்பணும் போல இருக்கும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது.

வட்டகொடைக் கடையில் கருவாடு விற்ற முஸ்லிம் நானாதான் கடல் பார்க்க வழி சொன்னார். "சிலாபத்துப் பக்கம் போங்க. முன்னேஸ்வரத்துல திருவிழா. மடத்துல சும்மா படுக்கலாம். கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு, கடல் பாத்த மாதிரியும் ஆச்சு."

வேலைக்கு வராத நாளைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. அது தெரிந்தும் எங்கள் வீட்டுக்காரர் சரி என்றார். அவருடைய தங்கச்சியும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வாய்க்காரி. எனக்கு வராத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

கம்பளி, சட்டி, அரிசி எல்லாவற்றையும் நாங்கள் கொழுந்துக் கூடையில் வைத்துக் கட்டினோம். கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்குமே, அந்த நினைப்புத்தான். எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஸ்டேஷனில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

"என்னா மதினி, கடல்ல கொழுந்து பறிக்கவா போறோம்?" என்றாள் அவளும், தன் கூடையைச் சரிபண்ணிக்கொண்டே.

ரயில் மாறுவதற்குக் கொழும்பில் இறங்கினோம். நேரம் இருந்ததால் கடற்கரைக்கு நடந்தோம். கடல் தெரிந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஆட்கள்தான் நிறையத் தெரிந்தார்கள். தொப்பி போட்டவர்கள், கவுன் போட்டவர்கள், வறுத்த கடலை விற்கிறவர்கள். நான் முந்தானையால் மூடிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். எனக்குப் பார்த்தால் போதாது. தலை முங்கக் குளிக்கணும். ஆனால் யாரும் பார்க்கிற இடத்தில் என்னால் முடியாது. லயத்துத் தண்ணீர்ப் பீலியிலேயே எல்லாரும் குளித்துப் போன பிறகுதான் நான் போவேன்.

பக்கத்தில் இருந்த ஓட்டலில் ஓர் இரவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரிக்கப் போன வீட்டுக்காரர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எவ்வளவாம்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"நம்ம மூணு பேரையும் வித்தா ராச்சாப்பாடு மட்டும் குடுப்பான் போல" என்றார்.

சிலாபத்துக்குப் போனோம். மடத்தில் நிற்கவும் இடமில்லை, ஒரு மூலையில் சுருண்டு படுத்தோம். அங்கேயும் மனசு தரிக்கவில்லை எனக்கு. விடிந்ததும் விடியாததுமாக இரண்டு பேரையும் எழுப்பிக் கூடைகளையும் தூக்கிக்கொண்டு கடல்கரைக்கு நடந்தோம். சாமான்களை மடத்தில் யாரை நம்பி வைப்பது?

கரையில் வள்ளங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். பெண்கள் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் தண்ணீரில் விளையாடின. "இங்க குளி புள்ள" என்றார் வீட்டுக்காரர். "இங்க வேணாம், ஆளுங்க பாக்குறாங்க" என்றேன். தள்ளிப் போனோம். அங்கே இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் தள்ளிப் போனோம். அங்கே ஒரு கிழவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அந்தாளுக்குக் கண்ணே தெரியாது போல இருக்கு மதினி."

"தெரிஞ்சா?"

"இப்பிடியே நடந்தா இந்தியா வந்துரும். ஒங்கம்மா வாந்தியெடுத்துக்கிட்டுக் கப்பல்ல வந்தாங்க, நாம நடந்தே திரும்பிறலாம்."

மணலில் கால் புதைந்து புதைந்து நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் தாழம்புதர் மண்டிய ஓர் இடம். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. கூடைகளைப் புதர் ஓரத்தில் வைத்தோம். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் இறங்கினேன். காலடியில் இருந்த மண்ணையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. பயம்தான், ஆனாலும் சிரிப்பு வந்தது. இடுப்பளவு போயிருப்பேன், இன்னும் தலை நனையவில்லை. யாரோ கத்துகிற சத்தம் கேட்டது.

ஒரு போலீஸ்காரர் புதரைச் சுற்றி வந்தார், கூட இரண்டு ஊர்க்காரர்கள். "கொஹெந்த ஆவே?" என்று கேட்டார். எங்கிருந்து வந்தீங்க என்று அர்த்தம்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு மலைநாடே காத்துக்கிடந்த காலம் அது. இந்தியாவிலிருந்து களவாக வருகிறவர்களைக் கடல்கரையில் பிடிக்கிறார்கள் என்று தோட்டத்திலும் பேசிக்கொள்வார்கள். நான் தேடித் தேடிக் கண்டுபிடித்த அந்த ஆளில்லாத கரையில்தான் கள்ளத்தோணியும் ஒதுங்கும். இடுப்பு வரை நனைந்த ஒரு பொம்பிளை, மூட்டை முடிச்சு, தமிழ்ப் பேச்சு. வேறென்ன நினைப்பார்கள்?

வீட்டுக்காரர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். கடையில் சாமான் வாங்க அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. "வட்டகொட... தோட்டம்... கோயில்..." என்று துண்டு துண்டாக வந்தது. ஊர்க்காரர்களில் ஒருவர் என் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அரிசி மணலில் கொட்டியது.

அப்போதுதான் தங்கச்சி வெறும் கூடையை எடுத்து முதுகில் போட்டாள். கயிற்றைத் தலையில் மாட்டினாள். மணலில் படர்ந்திருந்த அடம்பன் கொடியில் குனிந்து, இரண்டு கையாலும் இலையைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்தாள். கண் அங்கே, கை இங்கே. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, எனக்கே அது அங்கே புதிதாக இருந்தது.

"இதுதான் ஐயா நாங்க! தோணியில வந்தவளுக்கு இது வருமா?" என்றாள் தமிழில்.

போலீஸ்காரருக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கையை நீட்டச் சொல்லி விரலில் ஏறியிருந்த கொழுந்துக் கறையைப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, வள்ளங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். குளிப்பதானால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போய்க் குளியுங்கள், இங்கே நிற்கக் கூடாது என்றார்.

மணலோடு அரிசியை அள்ளிக்கொண்டு திரும்பி நடந்தோம். பாதி நனைந்த சேலை காலைச் சுற்றியது. "இப்பிடியே மடத்துக்குப் போயிரலாம்" என்றார் வீட்டுக்காரர். நான் முன்னால் நடந்தேன். மறுபடி எந்தக் காலத்தில் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு வரப்போகிறேன்? மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இடுப்போடு திரும்புவதா?

வள்ளங்களுக்குப் பக்கம் வந்ததும் கூடையை இறக்கினேன். மீன் கூறு போட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பார்த்தன. எனக்கு முகம் எரிந்தது. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். ஓர் அலை வந்து தலைக்கு மேலால் போனது. மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. திரும்பவும் முங்கினேன். திரும்பவும்.

கரையேறியதும் மீன்காரி ஒருத்தி கேட்டாள், "கொஹெந்த ஆவே?"

அதே கேள்விதான். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், "வட்டகொட." கத்திச் சொன்னேன் போல, பிள்ளைகள் சிரித்தன.

அன்றைக்கே ரயில் ஏறினோம். வழியெல்லாம் வலது காதில் தண்ணீர் குடுகுடு என்றது. தலையைச் சாய்த்தேன், தட்டினேன், வரவில்லை. மலை ஏறத் தொடங்கிக் குளிர் அடித்தபோது அது தானாகவே சூடாகத் தோளில் வழிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"சீ மதினி! காதுத் தண்ணியைப் போயி" என்றாள் தங்கச்சி. பிறகு கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, "இன்னும் உப்பா இருக்கா?" என்று கேட்டாள்.