ஏழு குட்டை வால்கள்

அலங்கார மீன் கடைக்கு வருகிறவர்கள் மீனை ஒரே தடவைதான் வாங்குவார்கள். சந்தேகத்தைத்தான் வாரா வாரம் கொண்டுவருவார்கள். கடை வைத்து, எதிரே ஒரு ஸ்டூலும் போட்டிருக்கிற சகோதரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். என் கடை மீஞ்சூரில், ஸ்டேஷனுக்குப் பக்கம். விலங்கியல் படித்துவிட்டு மீன் விற்பவன் என்பதால், குற்றத்தில் பாதி என் வாயுடையது.

மூலை

ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிறார். வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. போன வருஷம் மெஷின் எடுத்துக்கொண்டது. மனைவி செல்வியோடு வந்து, நீளத் துடுப்புள்ள ஜீப்ரா மீன் ஒரு ஜோடி கேட்டார். குஞ்சு பொரிக்க வைத்து விற்பது அவர் திட்டம்.

சாதாரண மீனின் வால் ஓர் அளவு வந்ததும் நின்றுவிடும், இந்த மீனில் ஒரு மரபணு மாறிப்போனதால் எங்கே நிறுத்துவது என்று வாலுக்குத் தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. செல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினார். “மூணு மாசம் டைம். குட்டிங்க எல்லாத்துக்கும் இதே மாரி வால் வந்தா தொட்டி இருக்கட்டும். இல்லன்னா அந்த மூலையில வாஷிங் மிஷின் வந்துரும், இப்பவே சொல்லிட்டேன்.”

நாலில் ஒன்று

இரண்டு மாதம் கழித்து ஏழுமலை வந்தார். இருபத்தாறு குஞ்சில் ஏழுக்குக் குட்டை வால். கலப்பட மீனை விற்றுவிட்டேன் என்பது புகார்.

கலப்படம் இல்லை. அப்பா மீனிடமும் அம்மா மீனிடமும் நீள வாலுக்கு ஒரு மரபணு, சாதாரண வாலுக்கு ஒன்று. நீளம் ஒன்று வந்தாலே வால் நீண்டுவிடும். இரண்டு பக்கமிருந்தும் சாதாரணமே வாங்கிய குஞ்சுக்குத்தான் குட்டை வால். அப்படிப் பிறப்பது நாலில் ஒன்று. கணக்குப்படி ஆறரை வரவேண்டும், அரை மீன் பிறக்க முடியாததால் ஏழு என்றேன். ஏழுமலை தலையாட்டினார். “கணக்கெல்லாம் கரீட்டு சார். இத்த எங்க ஊட்ல நீங்க வந்து சொல்றீங்களா?”

கத்தரி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தார். உள்ளே அந்த ஏழு மீன்களும். வால்கள் சலூனில் வெட்டியதுபோல் நேர்க்கோடாக இருந்தன. “வெட்ட வெட்ட முடி நீளமா வருதே சார், அதான்...” என்றார்.

நன்றாகத் திட்டினேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றச் சொன்னேன். வால் திரும்ப வளரும், நிறைய வெட்டியிருந்தால் வேகமாகவே வளரும், ஆனால் பழைய அளவு வந்ததும் நின்றுவிடும், குட்டை வால் குட்டையாகத்தான் வரும் என்றும் சொன்னேன். “உள்ள எலும்போடவா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மீனின் துடுப்பு நுனியை அமைக்கிற மரபணுக் குடும்பம்தான் நம் விரல்களையும் அமைக்கிறது என்று பெருமையாகச் சொல்லி முடித்தபோதுதான், மேஜைமேல் இருந்த அவர் கை கண்ணில் பட்டது. ஏழுமலை கோபப்படவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ எனக்கு மட்டும் இன்னா சார், ஆர்டர் இன்னும் வந்து சேரலியா?”

கெடு

மூன்று மாதம் முடிந்த அன்று செல்வி தனியாக வந்தார். கையில் ஒரு வாளி. அதில் பத்தொன்பது நீள வால்கள். தொட்டியைக் காலி செய்கிறார் என்று நினைத்து, நாலில் ஒன்று கணக்கை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

“இதுங்கள அவரு கண்டுக்கறதே இல்ல, நீங்களே வெச்சுக்குங்கண்ணா. அந்தக் குட்டை வாலுங்க ஏழும் ஊட்லயே இருக்கட்டும். வெட்டுன வால் எவ்ளோ வந்துருக்குன்னு தினம் காலையில டார்ச் அடிச்சுப் பாத்துகினு நிக்கிறாரு. வெரல் போனப்புறம் அந்த மனுஷன் எதையும் இப்டி நின்னு பாத்ததில்ல. வாஷிங் மிஷினு வந்தா பின்னாடி தகர ஷீட்டுக்குக் கீழ கெடக்கட்டும்.”

எங்கே நிறுத்துவது என்று தெரியாத கோளாறு நீள வால் மீனுக்கு மட்டுமல்ல, அதை விற்பவனுக்கும் உண்டு என்பதுதான் இத்தனை வருஷ வியாபாரத்தில் நானாகக் கண்டுபிடித்த ஒரே மரபியல் உண்மை.