புதனைச் சுற்றத் தொடங்கிய காலை

2011 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாகக் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டேன். ஆளில்லாத விண்கலம் ஒன்று அன்று புதனைச் சுற்றத் தொடங்கவிருந்தது. எங்களுக்குக் கல்யாணமான ஆண்டில் பூமியை விட்டுப் புறப்பட்டது அது. இடையில் மூன்று முறை புதனை நெருங்கிப் படம் பிடித்துவிட்டு, நிற்காமல் தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் செய்தியைத் தேடித் தேடி வாசித்தவள் நான். இந்த முறை எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைத்தால்தான் புதன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிசகினால் மறுபடியும் சூரியனைச் சுற்றித் திரிய வேண்டியதுதான்.

துறைமுகத்துக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையில என்ன புதன்?”

“பகிடி விடாதேங்கோ. எஞ்சின் எரியத் தொடங்கிட்டுது!”

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் நின்றுவிட்டது. திரை கறுத்தது. எனக்கு அழுகையே வந்தது. கணவர் தன் போனை நீட்டினார்.

“கனடாவுக்கு எடும். தம்பி முழிச்சுத்தான் இருப்பான்.”

அங்கே அப்போது இரவு. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வானத்தில் என்ன நடந்தாலும் அவனுக்கு அக்கறை கிடையாது.

“சாப்பிட்டிட்டுப் பாக்கிறனே, அக்கா.”

“ஏலாது. சாப்பாட்டுக் கோப்பையோட போய் இப்பவே பார்.”

முணுமுணுத்துக்கொண்டு கணினியைத் திறந்தான். “கட்டுப்பாட்டு அறையில கொஞ்சப் பேர் இருந்து திரையைப் பாக்கினம். ஒருத்தரும் கதைக்கேல்ல.” பிறகு அவன் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. கணவர் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு, என் காதருகே காதை வைத்து நின்றார்.

“என்னடா நடக்குது?”

“பொறுங்கோ அக்கா… எஞ்சின் நிண்டிட்டுதாம். நிக்க வேண்டிய நேரத்திலதான் நிண்டதாம்.” அடுத்த கணம் கத்தினான். “கை தட்டுகினம்! கட்டிப் பிடிக்கினம்! சுத்தத் தொடங்கிட்டுதாம், அக்கா!”

நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

“என்ன, ஆருக்கும் பிள்ளை பிறந்திட்டுதோ?”

“இல்லையக்கா, புதனுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது!”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று பொழுதுபட, எங்கள் வீடிருக்கும் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்து இறங்கி இருவரும் உட்துறைமுகக் கரைக்குப் போனோம். மேற்கே, தண்ணீருக்கு அப்பால், இரண்டு ஒளிப்புள்ளிகள். கீழே பளிச்சென்று வியாழன். அதற்குச் சற்று மேலே புதன்.

“அந்தச் சின்னனையோ சுத்துது?”

“ஓம்.”

“இப்பவும்?”

“இப்பவும்தான்.”

புதன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும்வரை, வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொல்லவேயில்லை.