பெரியப்பாவின் புல்தரை

நேற்று யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் புல் வெட்டும் வாசம் மூக்கில் ஏறியதும், கொக்குவிலில் பெரியப்பா வளர்த்த அந்தப் பாழாய்ப்போன புல்தரை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே மாடிவீடுகள் நிற்கின்றன.

கொழும்பில் சீமான்களின் கோல்ஃப் பையைச் சுமந்து, பார்த்தே ஆட்டத்தைப் பழகி, அதையே தொழிலாக்கி, மலேசியா வரை போய்க் கோப்பைகள் வென்றவர் என்று ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்குத் தெரிந்த பெரியப்பாவோ, ஓய்வுபெற்று வந்ததும் பெரியம்மாவின் மிளகாய்த் தோட்டத்தை அழித்துப் புல் போட்டு, அயலாரின் கத்தரிக் கன்றுகள் கருகும் கோடையிலும் கிணற்று நீரைப் புல்லுக்கே இறைத்து, வெள்ளைச் சப்பாத்தோடு நின்று பந்தடித்த மனிதர். அந்தப் பந்துகளை வெயிலில் குனிந்து குனிந்து பொறுக்கியது பெரியம்மா. ஒரு வாய் தண்ணீர் குடித்தாயா என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை.

ஒரு பின்னேரம் பந்து பெரியம்மாவின் நெற்றியைப் பிளந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவும் நானும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தோம். பெரியப்பா ஆறுதலாக, ஒரு அவசரமுமில்லாமல் நடந்து வந்தார்.

"பந்து எங்கையடி விழுந்தது?"

பெரியம்மா காலடியில் கிடந்த பந்தை எடுத்துக் கிணற்றுக்குள் எறிந்தார்.

"கிணத்துக்கை கிடக்குது. இறங்கி எடுங்கோ."

நெற்றிக் கட்டோடு அன்றே பண்டத்தரிப்பில் இருந்த மாமா வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

சில நாட்களில் பெரியப்பா எங்கள் படலையில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"உன்ரை அக்கா எப்ப வாறா? பந்தெல்லாம் அப்பிடியே கிடக்குது."

அம்மா படலையைச் சாத்தினார்.