டைல்ஸ் போட்ட பெத்தாங் திடல்

எங்கள் பெத்தாங் திடலின் வாசலில் இப்போது ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. திறப்பு விழா தேதி, திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர்கள் எல்லாம் பொன்னிற எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் தேதியை இங்கே எழுத மாட்டேன். தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வீட்டில் மின்விசிறிக்குக் காயில் கட்டிய நாளைக்கூடக் குறித்து வைப்பவன். ஆனால் அந்தக் கல்லில் இருக்கும் தேதி பொய். அன்றைக்குத்தான் திடல் பிறந்தது போல வெட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அது செத்தது.

திடல் புதுவையில் உழவர்கரைப் பக்கம், மூடிப்போன ஒரு பஞ்சாலையின் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஆலை ஓடிய காலத்தில் கொதிகலன் சாம்பலைக் கொட்டிய இடம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர் இரும்புக் குண்டுகளோடு வந்து அங்கே ஆட ஆரம்பித்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சாம்பல்மேல் செம்மண்ணும் சரளையும் கொண்டுவந்து பரப்பினார்கள். நெசவுப் பிரிவில் இருந்த என் அப்பாவும் மண் சுமந்தவர்களில் ஒருவர். பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் பிரான்சின் தேசிய நாளென்று ஜூலை பதினான்கில் போட்டி வைப்பார்கள். மற்றவர்கள் விடுதலை நாளென்று நவம்பர் ஒன்றில் வைப்பார்கள். இரண்டு நாளும் ஆடியது என்னவோ அதே ஆட்கள்தான்.

வசதிகள் என்று பார்த்தால், நிழலுக்கு ஒரு பூவரச மரம், ஒரு தெருக்குழாய், கரியால் ஸ்கோர் எழுத ஆலையின் பின்சுவர். வேறொன்றும் கிடையாது. எவரும் கேட்டதும் கிடையாது.

பெத்தாங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் வீசுவார்கள். அதற்கு மிக அருகில் உங்கள் இரும்புக் குண்டு போய் நிற்க வேண்டும். எதிராளியின் குண்டு அருகில் நின்றால், உங்களில் ஒருவர் தன் குண்டை அந்தரத்தில் வீசி அதை அடித்துத் தூக்க வேண்டும். குண்டு எங்கே விழுகிறது, விழுந்த பிறகு எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் மண்ணைப் பொறுத்தது. அதனால் எங்கள் திடலில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோற்ற அணி, வீட்டுக்குப் போகும் முன் இரும்பு வாருகோலால் தரை முழுவதையும் கிளறிவிட வேண்டும். இறுகிப்போன தரையில் குண்டு வழுக்கும். மேடும் பள்ளமும் இருந்தால்தான் ஆட்டம்.

திடலைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி அரசுப் பொறியாளர் வந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் தோற்றது எங்கள் அணி. என் அணிக்காரர் ஒரு இரும்புக்கடை பாய். கோபம் வந்தால் நன்றாகக் கிளறுவார். அன்று கோபம் அதிகம். திடல் உழுது போட்ட கொல்லை மாதிரி கிடந்தது.

"இன்னாங்க இது, இவ்ளோ மோசமா கீது? இதுலயா ஆடுறீங்க?" என்றார் பொறியாளர்.

"நாங்கதான் சார் இப்படிப் பண்ணி வெச்சோம்" என்றார் பாய் பெருமையாக.

பொறியாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பொதுச்சொத்தைச் சேதப்படுத்திவிட்டு ஒப்புக்கொள்ளும் ஆளைப் பார்ப்பது போல. நான் குறுக்கே புகுந்து, மண் இப்படித்தான் இருக்க வேண்டும் சார், மழைத்தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றேன். "எல்லாம் பண்ணிடலாம், கவலைப்படாதீங்க. இன்டர்நேஷனல் லெவல்ல பண்ணிடலாம்" என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். பிற்பாடு ஒரு கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, பராமரிப்பே இல்லாத இடம் என்றார்களாம். நாங்கள் பராமரித்ததற்குச் சாட்சியே அந்தப் படம்தான்.

லாரிகள் வந்தன. செம்மண்ணையும் சரளையையும் அடியிலிருந்த சாம்பலையும் வாரிக்கொண்டு போனார்கள். வாய்க்காலுக்குத்தான் தோண்டுகிறார்கள் என்று நம்பி, முதல் நாள் நாங்களே லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். பிறகு சிவப்பும் சாம்பல் நிறமுமாக டைல்ஸ் இறங்கியது. உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், நுழைவு வளைவு, பூட்டியே கிடக்கும் கழிப்பறை எல்லாம் வந்தன. பூவரசை வெட்டிவிட்டு அந்த இடத்தில் செல்ஃபி எடுக்க ஒரு இதயம் வைத்தார்கள்.

திறப்பு விழாவில் பிரமுகர் ஒரு குண்டை வாங்கி வீசினார். அது டைல்ஸில் டங்கென்று விழுந்து, எழுந்து, உருண்டு, மேடைக்கு அடியில் போய்விட்டது. கூட்டம் கை தட்டியது. பாய் என் காதில் சொன்னார்: "நல்லா ஆடுறாரு. மரக்குண்டு எந்த ஊர்ல இருக்குன்னு சொன்னா, அங்கயே போய் நிக்கும்."

சிரித்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் நின்ற பெண் சிரிக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை பார்ப்பவள். மாலை வேலை விட்டதும் சீருடையோடு திடலுக்கு வருவாள். எங்களில் அடிப்பதற்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை. தேசியப் போட்டிக்குப் புதுவை மகளிர் அணித் தேர்வு மறுமாதம் இருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு திடல்தான்.

மறுநாள் மாலை அவள் முதல் குண்டை அடித்ததும், திடலுக்குப் புதிதாகப் போட்டிருந்த காவலாளி ஓடிவந்தார்.

"யம்மா, தூக்கி அடிக்கக் கூடாது. டைல்ஸ் ஒடஞ்சா என் வேலை பூடும்."

"அப்போ எப்படிண்ணா ஆடுறது?"

"உருட்டி ஆடு. யாரு வேணாம்னா?"

"உருட்டி ஆடுறதுக்கு நான் இன்னா கோலியா ஆடுறேன்?"

அந்த மனிதரைத் திட்டிப் பயனில்லை என்று நான் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். திடலின் வரலாற்றைப் பலகையில் வைக்க எழுதித் தரச் சொல்லி முன்பு என்னிடம்தான் வாங்கிப் போயிருந்தார்கள். அதில் ஒரு வரிகூடக் கல்லில் வரவில்லை என்பதைக்கூட நான் அன்று பேசவில்லை. ஒரு ஓரம் மட்டும் டைல்ஸை எடுத்துவிட்டு மண் போடுங்கள், ஒரு பெண்ணின் ஒரு வருட உழைப்பு போகிறது என்றேன். பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இவ்ளோ செலவு பண்ணி அழகா பண்ணிக் குடுத்திருக்கோம். மறுபடி மண்ணு கேக்குறீங்களே" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எங்கள் விளையாட்டை ஒருநாள்கூட நின்று பார்க்காமல், எங்களுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைக்கும் ஆளிடம் என்ன பேசுவது?

அவள் அந்த மாதம் முழுவதும் டைல்ஸில் உருட்டித்தான் பழகினாள். தேர்வு நகரின் வேறொரு திடலில், நல்ல சரளைத் தரையில் நடந்தது. நானும் பாயும் போயிருந்தோம். அவள் கை முதல் குண்டிலேயே தாழ்ந்தது. குண்டு இலக்குக்கு முன்னால் விழுந்து மண்ணில் புதைந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அவள் கையை உயர்த்தியபோது குண்டு இலக்கைத் தாண்டிப் போனது. அணியில் அவள் பெயர் வரவில்லை. திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில், "அடுத்த வருஷம் இருக்கு தங்கச்சி" என்றார் பாய்.

"மண்ணு இருக்காண்ணா?" என்றாள்.



இப்போது எங்கள் திடலில் காலையில் ஜூம்பா நடக்கிறது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இடம் போதாதபோது கார்கள் நிற்கின்றன. கார் ஏறினால் டைல்ஸ் உடையாது போலிருக்கிறது. காவலாளி விசிலடித்து வழி காட்டுகிறார். நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தேர்வு நடந்த திடலுக்குப் போகிறோம். பாயும் நானும் அவருடைய ஸ்கூட்டரில், அவள் இரண்டு பேருந்து மாறி. விருந்தாளிகள் என்பதால் உள்ளூர் அணிகள் ஆடி முடித்த பிறகுதான் எங்கள் முறை. வெயில் ஏறிவிடும்.

போன வாரம் அங்கே ஒருவர் அவளிடம் நல்லபடியாகத்தான் கேட்டார்: "உங்க பக்கம் புதுசா ஸ்டேடியமே கட்டிட்டாங்களாமே? அத வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வர்றீங்க?"

"ஆமாண்ணா, லைட்டு, படி எல்லாம் சூப்பரா இருக்கு" என்றாள். குனிந்து ஒரு பிடி சரளையை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். "நீங்க ஆடி முடிச்சிட்டீங்களா? நாங்க எறங்கலாமா?"