புதினா போட்ட கிளாஸ்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு கிளாஸ் மட்டும் மறக்கவில்லை. உயரமான கண்ணாடி கிளாஸ், வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. மஞ்சள் சாற்றின் மேல் ஐஸ், ஐஸின் மேல் ஒரு கொத்துப் புதினா. அதைப் பிடித்திருந்த கை எங்கள் மாஸ்டருடையது.

எங்கள் மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார்கள். காப்பிப் பழம் பறிக்க முதுகு வளையாமல் போன பிறகு எனக்கு அங்கே பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. சமைக்கிறவர்தான் மாஸ்டர். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோடையில் வருகிற விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டைவிட அவர் கலக்குகிற காக்டெயில்தான் பெரிது. தோட்டத்துப் பேஷன் ஃப்ரூட்டை வெட்டி விதையோடு வழித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, இஞ்சி தட்டிப் போட்டு, தேன் விட்டுக் கலக்குவார். இரண்டு ஜக்கு. ஒன்றில் ரம் ஊற்றுவார், மற்றதில் ஊற்றமாட்டார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கலக்குகிறவர் ஒரு சொட்டுத் தொடமாட்டார். முன்பு நிறையக் குடித்தவர். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தினார். அதற்கு ஒரு மாத்திரை உண்டு. அதைத் தன் கண் முன்னால் தினமும் போடவேண்டும் என்று சொல்லித்தான் மனைவி திரும்பி வந்தாள். "இதப் போட்டுட்டு ஒரு மடக்கு உள்ள போனாலும் ஆளையே சாச்சுப்போடும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இன்னொரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு வாசனை தெரியாது, ருசியும் அரைகுறை. ஓனரம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தார். குழம்பு கொதித்தால் என்னைக் கூப்பிடுவார். "அக்கா, உங்க மூக்கக் கொஞ்சம் கடன் குடுங்க." நான் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் இறக்குவார்.

அன்றைக்கு நல்ல வெயில். ஏதோ கம்பெனியிலிருந்து பத்துப் பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் என் கண் முன்னால் இடது ஜக்கில் ரம் ஊற்றினார். அதற்குள் வெளியே கரியடுப்பில் கறி தீய்கிறது என்று ஓடினார். வாசற்படியில் நின்று, "அக்கா, எடது ஜக்குக்குத் துளசி, வலதுக்குப் புதினா. கிளாஸ்ல ஊத்தி மேல எல வச்சிருங்க" என்றார். எப்போதும் அவரே செய்கிற வேலை அது.

துளசியைக் கையில் எடுத்துவிட்டேன். மலைமேல் சேர்வராயர் கோயிலில் தீர்த்தத்தோடு உள்ளங்கையில் விழுகிற இலை. அதை ரம்மில் போட விரல் வரவில்லை. வாசத்துக்குத்தானே, எந்த இலையானால் என்ன என்று மாற்றிப் போட்டேன். ரம்முக்குப் புதினா, ரம் இல்லாததற்குத் துளசி. தப்பு செய்ததாகவே தோன்றவில்லை. சாமிக்கு ஒரு நல்லது செய்தோம் என்று இருந்தது.

மாஸ்டர் வந்து கிளாஸ்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் இருக்கும்போது வராந்தாவில் நான் கால் வைத்ததே கிடையாது, கூச்சம். அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தொளசி போட்டதுலதான் சரக்குங்க. புதினா போட்டது வெறும் ஜூஸுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இலைதான் அவருக்கு அடையாளம். மூக்கு இல்லாத மனுஷனுக்கு வேறு எது அடையாளம்?

"மாஸ்டர், நீங்களும் ஒண்ணு எடுங்க. அடுப்புல வெந்துட்டு நிக்கிறீங்க" என்றார் ஒருவர். அவர் எடுத்தார். புதினா.

"யாரும் குடிச்சிடாதீங்க, போட்டோ எடுத்துக்கறேன்" என்றது ஒரு பெண். மாஸ்டரை நடுவில் நிற்கவைத்தார்கள். எல்லோரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு படம். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று. கூப்பிட வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வேன்? மாத்திரையைச் சொன்னால் பத்துப் பேர் முன்னால் அவர் மானம் போகும். மூக்கைச் சொன்னால் வேலை போகும். "போதும், குடிங்க" என்றது அந்தப் பெண். கிளாஸ் அவர் உதட்டுக்குப் போனது.

எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. ஈரக்கையோடு கிளாஸைப் பிடித்து இழுத்தேன். பாதி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"எறும்புங்க" என்றேன். "எல்லாத்துலயும் எறும்பு கெடக்குதுங்க. யாரும் குடிச்சிராதீங்க."

"புரோட்டீன்தான் பாட்டி, விடுங்க" என்று ஒரு பையன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஓனரம்மா சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் கொண்டுபோய்க் கீழ ஊத்து. கண்ணு தெரியலைன்னா வீட்லயே இருக்கவேண்டியதுதானே?" என்றார். நான் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினேன்.

சமையலறைக்கு வந்ததும் மாஸ்டர், இன்னும் கீழே ஊற்றாத கிளாஸ்களைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாத்திப் போட்டுட்டீங்களாக்கா?"

"சாமி எலைங்க மாஸ்டரு. மனசு வல்லீங்க."

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "எல சங்கதிய நானு உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்" என்றார். பிறகு எழுந்து மறுபடியும் எலுமிச்சை பிழிந்தார். அதற்கப்புறம் ரம் ஜக்கில் எந்த இலையும் விழவில்லை.

இப்போது அவர் மஞ்சக்குட்டை பஸ் நிற்கிற இடத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். நடந்ததை மனைவியிடம் அவரே சொல்லிவிட்டதால்தான் நான் இதை எழுதுகிறேன். நான் பஸ்ஸைவிட்டு இறங்கினால் இரண்டு கிளாஸ் கலக்குவார். தன்னுடையதை வாயில் வைப்பதற்கு முன் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். அந்தக் கடையில் ரம் ஏது? மனைவிகூட, "எலுமிச்சந் தண்ணிக்கு இத்தன சோதனையாக்கும்" என்று கேலி செய்வாள். நான் மோந்து பார்த்துத் தலையாட்டுவேன். அப்புறம்தான் குடிப்பார்.

ரம் இருந்தது இடது ஜக்கா வலதா என்று எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது மாஸ்டரிடம் கேட்டுச் சரிபாருங்கள். மாத்திரை விஷயத்தையும் விவரம் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். அந்தக் கிளாஸில் கிடந்தது புதினாதானா என்று மட்டும் யாரும் கேட்கவேண்டாம்.