கோரின் வெட்டச் சொன்ன மரங்கள்

எங்கள் மலையூரான கெட்டில் முகட்டில் 'மரத்துக்காரி' என்றால் அது கோரின் ஹால்டேன்தான். மரக் கம்பெனி ஒன்று பழைய ரெட்வுட் காட்டை வெட்ட வந்தபோது, மரமொன்றின் உச்சியில் பலகை கட்டி ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே குடியிருந்தவள். அப்போது அவளுக்குச் சின்ன வயது. மரங்கள் தப்பின. அவள் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேர்ந்தாள், முகட்டின் மேல் கொஞ்சம் நிலம் வாங்கினாள், இங்கேயே நிலைத்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் டுவேன் அம்ப்ரோசினியின் மாட்டுப் பண்ணை. டுவேனின் அண்ணன் அந்தக் கம்பெனிக்கு மரம் வெட்டியவர். கோரினைக் காரணம் சொல்லிக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பியதும் குடும்பத்தோடு நெவாடாவுக்குப் போய்விட்டார். அந்தக் கோபம் டுவேனுக்குத் தீரவில்லை. இருவருமே டாட்டியாகிய நான் நடத்தும் தீவனக் கடைக்கு வருவார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே வண்டியிலேயே காத்திருப்பார். மாடு வேலி தாண்டினால் மட்டும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அதுவும் மாட்டைப் பற்றி.

ஓர் இலையுதிர் காலத்தில் டுவேனின் சரிவில் ரம்பச் சத்தம் கேட்டது. கோரின் வேலியோரம் போய்ப் பார்த்தாள். ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, லாரியில் கட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போய் வனத்துறைக்கு போன் போட்டாள். அந்த வேலையில் அவளுக்கு நல்ல பழக்கம். எத்தனையோ வெட்டுத் திட்டங்களை ஆட்சேபணை எழுதியே நிறுத்தியவள்.

ஆய்வாளர் ரமோனா வந்தாள். மரத்தை வெட்டி விற்பதற்கு வனவியலாளர் தயாரித்த முழுத் திட்டம் வேண்டும், டுவேனிடம் அது இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாள். வெட்டிய இடத்தில் திரும்பவும் ஃபிர் கன்று நடவேண்டும் என்றும் அதில் இருந்தது. பிறகு நேராகக் கோரின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள்.

"நீங்க கம்ப்ளைண்ட் குடுத்தது சட்டப்படி சரிதான். இப்ப என்கூட ஒரு தடவை அங்க வாங்க."

"வெட்டுன மரத்தப் பாக்கவா?"

"இல்ல. வெட்டாத மரத்துக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்க."

வாசற்கேட்டில் டுவேன் நின்றிருந்தார். "வாங்க மரத்துக்காரி. நீங்க காப்பாத்துன காடு இதோ இருக்கு, நல்லாப் பாத்துக்கங்க," என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

வெளியே நல்ல வெயில். ஃபிர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் பொழுது சாய்ந்தது போல இருட்டு. தரையில் ஒரு புல் இல்லை, காய்ந்த ஊசியிலை மட்டும். கண் பழகிய பிறகுதான் கோரினுக்கு ஓக் மரங்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் வெட்டவெளியில் வளர்ந்தவை, அதனால் கிளைகளை நாலா பக்கமும் பரப்பியிருந்தன. இப்போது அந்தக் கிளைகளுக்கு நடுவே ஃபிர் மரங்கள் துளைத்துக்கொண்டு மேலே போயிருந்தன. பாதி ஓக்குகள் செத்து வெளுத்து நின்றன. மீதியில் உச்சியில் மட்டும் ஒரு கைப்பிடி இலை.

"எங்கம்மாவோட ஜனங்க இந்தச் சரிவுலதான் ஓக் கொட்டை பொறுக்குவாங்க," என்றாள், தாய்வழியில் இந்த மலையின் பழங்குடியைச் சேர்ந்த ரமோனா. "வருஷா வருஷம் தீ வைப்பாங்க. புல்லு எரியும், ஃபிர் கன்னு கருகிரும், பெரிய ஓக்குக்கு ஒண்ணும் ஆகாது. தீ வைக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடுத்துச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் இதெல்லாம்."

"அப்புறம் ஏன் திரும்ப ஃபிர் நடச் சொல்லி நோட்டீஸ் குடுத்தீங்க?"

"விதி அப்படித்தான் இருக்கு. மரம்னா விக்கிற மரம்தான் அதோட கணக்குல. என் அம்மாவோட சரிவுல ஃபிர் நடுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?"

மறுநாள் கோரின் என் கடைக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"டாட்டி, நான் நிலம் வாங்குன புதுசுல ஃபிர் கன்னு நட்டேன், ஞாபகம் இருக்கா? பஸ்ல வர்ற பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து நட்டோம். நல்ல காரியம்னு பாட்டு வேற பாடுனோம். பாதிக் கன்னு ஓக் மரத்தடியிலதான் வச்சிருக்கேன். இன்னிக்குக் காலைல போய்ப் பாத்தேன்."

நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தாள். அன்று மாலையே டுவேன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என் நிலத்துல கொஞ்சம் ஃபிர் வெட்டணும். வந்து வெட்டித் தர்றியா?" என்று கேட்டாளாம்.

டுவேன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம். "கேமராவ எங்க வச்சிருக்க?"

கேமரா இல்லை என்று அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் வீட்டுத் தேவைக்கு வெட்டுவதற்குத் தடையேதும் இல்லை. வெட்டிக் கொடுத்தார். தன் கையால் நட்ட மரங்கள் விழுவதைக் கோரின் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

ஆனால் முகடு முழுக்க அப்படிச் செய்ய முடியாது. கட்டையை விற்றால்தான் வெட்டுக்கூலி கட்டுபடியாகும். விற்க வேண்டுமென்றால் முழுத் திட்டம் வேண்டும், அதற்கு ஆகும் செலவில் கட்டையின் விலை கரைந்துபோகும். விதி மாறாமல் வழியில்லை. விதியை வரி வரியாகப் படித்தவர் எங்கள் பக்கம் ஒருத்திதான் இருந்தாள். இத்தனை வருடம் வெட்டுவதை நிறுத்துவதற்காகப் படித்ததை, இப்போது அளவாக வெட்டுவதற்காக எடுத்து வைத்துக்கொண்டாள்.

டுவேனின் சமையலறையில் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. எவ்வளவு தடிமன் வரை வெட்டலாம் என்பதில்தான் பெரிய சண்டை.

"பெருச விட்டுட்டுச் சிறுச வெட்டுறதா? பெருசுதானே எல்லாத்துக்கும் நிழல் கட்டுது," என்றார் டுவேன்.

"பெருச வெட்ட விட்டா, நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் வந்து ஒரே ஒரு ஓக்கக் காட்டிட்டு மலையவே மொட்டையடிச்சிருவான். உனக்கு அவங்களத் தெரியாது."

"எனக்கா தெரியாது? எங்கண்ணன் அவங்ககிட்டதான் முதுகு ஒடிஞ்சான். மரம் தீர்ற வரைக்கும் வச்சிருந்துட்டு, உன் பேரச் சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க."

கோரின் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாளாம். கடைசியில் டுவேன், "சரி, தடிமன் வரம்ப எழுது," என்றாராம்.

அரசுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தது பெரிதாக ஒன்றுமில்லை. உயிருள்ள ஓக் போதுமான அளவு நிற்கும் இடத்தில் மட்டும், முழுத் திட்டம் இல்லாமலே ஃபிர் வெட்டி விற்க அனுமதி. வரம்புக்கு மேற்பட்ட ஃபிர் மரத்தைத் தொடக்கூடாது. வெட்டுவதற்கு முன்பும் பின்பும் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஃபிர் திரும்ப நட வேண்டியதில்லை.

மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் அந்த விதி மாற்றம் பற்றிப் பொது விசாரணை. டுவேனின் வண்டியில் இருவரும் ஒன்றாகப் போனார்கள், நான் பின் இருக்கையில். கோரினோடு அந்த நாளில் பக்கத்து மரத்தில் குடியிருந்த ஜோலீன் எதிர்த்துப் பேச வந்திருந்தாள். நடைபாதையில் கோரினை மறித்தாள்.

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒரு காபி. டுவேன் வாங்கிக் குடுத்தான். அதுவும் ஆறிப்போன காபி."

"நான் விளையாடல, கோரின். இன்னிக்கு ஓக்குன்னு சொல்லுவாங்க, நாளைக்கு?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்குடி. அதனாலதான் வரம்ப நானே உக்காந்து எழுதுனேன். இந்தா, படி. எங்கயாவது ஓட்டை இருந்தாச் சொல்லு, அடைச்சிரலாம்."

ஜோலீன் சுவரில் சாய்ந்தபடியே படித்தாள். "ரோட்டப் பத்தி ஒண்ணுமே இல்லையே. இதச் சாக்கா வச்சுப் புது ரோடு போட்டு ஆத்துல மண்ணத் தள்ளுவாங்க."

கோரின் பேனாவை டுவேனிடமிருந்து வாங்கி, புது ரோடு போடக்கூடாது என்று அங்கேயே எழுதிச் சேர்த்தாள். ஜோலீன் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசக் கொடுத்திருந்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் இழுத்தடித்தது. கடைசியில் சில வருடங்களுக்குச் சோதனையாக விதி வந்தது. முதல் வேலை டுவேனின் சரிவில். ரமோனா அளந்து பார்த்து அடையாளம் போட்ட மரங்கள் மட்டும் விழுந்தன. நடுவே வரம்பைத் தாண்டிய ஒரு கிழட்டு ஃபிர் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் டுவேன் முணுமுணுப்பார், தொடமாட்டார்.

முதல் வருடம் மோசம். நிழலிலேயே ஒல்லியாக வளர்ந்திருந்த சில ஓக்குகள் புயலில் முறிந்தன. திடீர் வெயிலில் சிலவற்றின் பட்டை வெந்து வெடித்தது. கோரின் தினமும் போய்ப் பார்த்துவிட்டு முகம் செத்துத் திரும்புவாள்.

"அவசரப்பட்டுட்டோமோ, டாட்டி?"

எனக்கு என்ன தெரியும்? பொறுத்துப் பார் என்றேன். அடுத்த வசந்தத்தில் டுவேன் என் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே கூப்பிட்டார். "மரத்துக்காரி எங்க? வரச் சொல்லு. தண்டுலயே இலை விட்டிருக்கு."

போய்ப் பார்த்தோம். வெறும் கம்பம் போல நின்ற ஓக்குகளின் தண்டில், அடியிலிருந்து மேல்வரை இளஞ்சிவப்புத் தளிர்கள். கீழே முழங்கால் உயரப் புல். கோரின் ஒரு தளிரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். டுவேன் வேறு பக்கம் பார்த்தபடி தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சில வருடம் கழித்துக் கொட்டை காய்த்தது. ரமோனா தன் அம்மாவையும் சித்திமார்களையும் கூட்டிவந்தாள். கூடை நிறையப் பொறுக்கினார்கள். போகும்போது அந்த அம்மாள் டுவேனிடம், "இங்க தீ வைக்கிறப்ப எங்களையும் கூப்பிடுப்பா. நீ வச்சா மலையவே எரிச்சிருவ," என்றார். அந்த இலையுதிர் காலத்தில் அனுமதி வாங்கி, தீயணைப்பு வண்டி பக்கத்தில் நிற்க, அவர்கள் சொன்னபடியே புல்லுக்குத் தீ வைத்தோம்.

சோதனை விதி இப்போது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கோரின் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டாள். யார் விண்ணப்பித்தாலும் ரமோனாவோடு போய்ச் சரிவைப் பார்க்கிறாள். போன வருடம் ஒரு நிலக்காரர் பத்துப் பதினைந்து ஓக்கைக் காட்டி ஒரு காட்டையே கேட்டார். கோரின் பழைய பாணியில் ஆட்சேபணை எழுதி அதை நிறுத்தினாள். டுவேன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த வாரம் மூவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிறார்கள். அடுத்த கோடைக்குள் வேலை முடியாது என்கிறார் டுவேன். முடித்துவிடலாம் என்கிறாள் கோரின்.