அலுமாரிக்குள் பத்திரமாக இருந்த லப்டொப்புகள்

கள்ளர் தூக்கிவிடுவார்கள், பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் என்று பயந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்த லப்டொப்புகளை வருடக்கணக்காக இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

இன்று திறந்தோம்.

வந்த அன்று பூசை செய்து வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருக்கிறது. பற்றரிகள் ஊதிப்போய்விட்டன. ஒன்றும் வேலை செய்யவில்லை.

"ஒண்டுகூடக் களவு போகேல்லை, பாத்தியளோ டீச்சர்?" என்றார் அதிபர்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சுகந்தியைக் கண்டேன். "ஒருக்காத் திறந்து காட்டுங்கோ டீச்சர்" என்று வகுப்பில் ஓயாமல் கேட்ட பிள்ளை. இப்போது பருத்தித்துறையில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

"உந்த லப்டொப்புகளை இப்ப பிள்ளையளுக்குக் குடுக்கிறியளோ, டீச்சர்?"

"எல்லாம் பத்திரமா இருக்குது, பிள்ளை" என்றேன்.

கள்ளன் கொண்டுபோயிருந்தால், அவனுடைய பிள்ளையாவது ஒருநாள் தட்டிப் பார்த்திருக்கும்.